தரையைத் தொடாத வீச்சு

என் மச்சான் கோல்ஃப் ஆடுகிறார் என்று சொன்னால் சிவகாசியில் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "எங்கன?" என்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே புல் என்பது மழை விழுந்த சில வாரங்களுக்கு மட்டும் வந்து எட்டிப் பார்க்கிற சங்கதி. மிச்ச மாதமெல்லாம் வெடித்த கரிசல், வெயில், வேலிக்கருவை.

ஆனைக்குட்டம் போகிற வழியில் மச்சானுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது. பருத்தி போட்டார்கள், மக்காச்சோளம் போட்டார்கள், அப்புறம் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டார்கள். விஸ்வநத்தத்தில் இருக்கும் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் புதிதாக ஒரு ராக்கெட்டோ வானவெடியோ செய்தால், கொளுத்திப் பார்ப்பது அந்தக் காட்டில்தான். கொளுத்த ஒன்றும் இல்லாத சாயங்காலங்களில் தேங்காய்நார் மிதியடி ஒன்றை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். பொறுக்கிக்கொண்டு வருவது நான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எனக்கு அச்சகத்தில் வேலை; பட்டாசுப் பெட்டிகளின் மேல் வருகிற பெயர்களையும் வாசகங்களையும் எழுதித் தருகிறேன். உட்கார்ந்து எழுத வேண்டிய வேலைக்கு உட்கார முடியாத ஆள். ஒரு பெயர் தோன்ற நாலு தெரு நடக்க வேண்டும். பந்து பொறுக்கப் போனதும் அந்தக் கால்களின் அரிப்பால்தான். வெடிப்புக்குள் விழுந்த பந்தைக் குச்சியால் நெம்பி எடுக்கும்போது எனக்குச் சில நல்ல வரிகள் கிடைத்திருக்கின்றன.

அவருடைய பழைய செட், கொடைக்கானலை விட்டுக் கிளம்பிய ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கியது. கத்தி மாதிரி மெலிந்த இரும்பு மட்டைகள். மரத்தில் கடைந்த தலை வைத்த மட்டைகள் சில. தலை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அவ்வளவு சிறிய தலையால் அவ்வளவு சிறிய பந்தை அடிப்பதற்கு மச்சான் தானாகவே ஒரு வீச்சைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மேலிருந்து கோடாலி இறங்குவதுபோல் இறங்குவார். பந்தையும் தரையையும் ஒரே கடியாகக் கடிப்பார். கடைசி நொடியில் மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்புவார். டொக் என்று ஒரு சத்தம். பந்து முயல் மாதிரித் தரையை ஒட்டி ஓடி, பாதி வழியில் என்னமோ நினைத்துக்கொண்டு எழும்பும். உச்சியில் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து இறங்கும். அந்தச் சாய்வைத் தூரத்தில் இருந்து பார்த்தே அடித்தது இவர்தான் என்று சொல்லிவிடலாம். ஒரு மனிதரின் கையெழுத்தை வானத்தில் பார்ப்பது எல்லோருக்கும் கிடைக்கிற காட்சி இல்லை.

கம்பெனிக்குள் அந்த மட்டைப் பை போகாது. முதலாளி என்றாலும் இரும்பு வாசலோடு சரி. வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு, செல்போனையும் அங்கேயே கொடுத்துவிட்டு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். பொறி பறக்கக் கூடாது என்று உள்ளே அள்ளுவது பித்தளைக் கரண்டி, தட்டுவது மரக்கட்டை. டிரம்மை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். செருப்பைத் தேய்த்து நடந்தால் மச்சான் கத்துவார். உரசாதே, இழுக்காதே, தட்டாதே. பிறந்ததிலிருந்து கேட்டது. வீட்டில் தோசைக்கல்லைக்கூட அவர் சத்தமில்லாமல்தான் இறக்கி வைப்பார்.

அவருக்கு ஒரே மகன். எனக்கு மருமகன் முறை. படிப்பு முடிந்து வந்து அப்பாவோடு கம்பெனியில் சில மாதம் இருந்தான். அப்போது பக்கத்துக் கம்பெனியில் ஒரு விபத்து. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள், அவனும் ஓடினான். அங்கே என்ன பார்த்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வாசல்வரை வருவான், உள்ளே கால் எடுத்து வைக்க மாட்டான். ஒரு நாள் மத்தியானம் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"பயந்தாங்கொள்ளிப் பயலுக்கு இந்த ஊர்ல என்னலே வேலை?" என்றார் மச்சான்.

அவன் அமெரிக்கா போய்விட்டான். வருடக்கணக்கில் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. அம்மாவிடம் பேசுவான், அவர்கள் பேசுகிற அறையில் மச்சான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். பக்கம் திரும்பாது.

அந்த ஊமைத்தனத்தை உடைத்தது கோல்ஃப்தான். அங்கே வேலை பார்க்கிற இடத்தில் பழகினானாம். தான் அடிக்கிற வீடியோ ஒன்றை அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். மச்சான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, மனைவியின் போனிலேயே அவனைக் கூப்பிட்டார். நலமா என்று கேட்கவில்லை.

"தலையை ஆட்டுறலே. ஆட்டாம அடி."

 "சரிப்பா" என்றான் அவன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசிக்கொண்டார்கள். கோல்ஃப் மட்டும். கம்பெனி கிடையாது, உடம்பு கிடையாது, கல்யாணம் கிடையாது. பிடியை எப்படிப் பிடிக்க, காற்று எதிர்த்தால் என்ன செய்ய, இவ்வளவுதான். ஆனால் அந்த இவ்வளவுக்காக மச்சான் சனிக்கிழமை ராத்திரியே தூக்கம் வராமல் புரளுவார் என்று அவர் மனைவி சொன்னாள்.

போன பொங்கல் சமயத்தில், ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் புது செட்டைக் கொடுத்துவிட்டிருந்தான் மகன். கூடவே ஒரு சேதியும் சொன்னான்: மே மாதம் வருகிறேன், கொடைக்கானலில் சேர்ந்து ஆடலாம்.

மச்சான் பையைப் பிரித்ததை நான் பார்த்தேன். பெரிய மட்டையின் தலை சின்னச் சுரைக்காய் அளவு, உள்ளே காலி. தண்டு கருப்பாக, கார்பனில், இருப்பதே தெரியாத கனம். கையில் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கு?"

அடித்தார். டங்! தகரத்தில் கல் விழுந்த சத்தம். பந்து வானவெடி மாதிரி நெட்டுக்குத்தாக ஏறி, வலது பக்கம் கருவைக்குள் போய் விழுந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் கருவை. அன்று என் கையெல்லாம் முள் கிழித்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் விளக்கினான். இந்த மட்டைக்கு மேலிருந்து வெட்டக் கூடாது. பந்தை உயரமாக வைத்து, இடது காலுக்கு நேராக வைத்து, வீச்சு அடியைத் தொட்டு மேலே எழும்பும்போது பட வேண்டும். "மணிக்கட்டைத் திருப்பாதீங்கப்பா. இதோட தலை லேசுல திரும்பாது. ஓரத்துல பட்டாக்கூட பந்து நேராப் போகணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. நீங்க திருப்புனா அது லேட்டாத்தான் வரும். பந்து வலது பக்கம் ஓடிரும்."

அதாவது, அவர் உடம்பு கண்டுபிடித்து வைத்திருந்த எல்லாவற்றையும் உடம்பிலிருந்து கழற்ற வேண்டும். கோடாலியை, திருப்பை, கடியை. பழைய சின்னத் தலைக்கு எது மருந்தோ அது புதுப் பெரிய தலைக்கு விஷம். மச்சான் மாசி முழுக்கக் கழற்றினார். தாலாட்டுகிற மாதிரி வீசிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பாக வரும். "துணி துவைச்ச ஆளு இப்ப கோலம் போடுறீக மச்சான்" என்பேன். "பொத்திக்கிட்டுப் பந்தைப் பொறுக்குலே" என்பார்.

ஒரு சாயங்காலம் அது வந்துவிட்டது. பந்து கிளம்பியதும் ஏறியது, ஏறியதும் அங்கேயே தொங்கியது. சாய்வில்லை, சுழற்சி தெரியவில்லை. வெயில் தாழ்ந்த வெளுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி இறங்க மனமில்லாமல் நின்று, பழைய மட்டையால் அவர் ஒருநாளும் தொடாத இடத்தில் போய் விழுந்தது.

"குச்சி சரியா உக்காந்த ராக்கெட்டு மாப்ளே!" என்று கத்தினார். வானத்தில் அவர் கையெழுத்து இல்லை. யாருடைய கையெழுத்தும் இல்லை. எனக்கு அது சின்னதாக உறுத்தியது. அவருக்கு உறுத்தவில்லை, மே மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் அது நடந்தது. பெரிய மட்டையால், பந்தைத் தரையில் குத்திய சின்ன முளைமேல் தூக்கி வைத்து அடிப்பார்கள். அதற்கடுத்த சின்னதால், மூணாம் நம்பர் என்பார் மச்சான், தரையில் கிடக்கிற பந்தை அடிக்க வேண்டும். மிதியடி வேண்டாம்ப்பா, கொடைக்கானலில் மிதியடியா இருக்கப்போகிறது என்று மகன் சொல்லியிருந்தான். அதனால் வெறுந்தரையில் வைத்து வீசினார். மட்டையின் அடி, மண்ணுக்குள் இருந்த ஒரு வெங்கச்சங்கல்லில் உரசியது.

வெள்ளையாக ஒரு பொறி. சின்ன வயதில் அந்த வெள்ளைக் கற்களை ஒன்றோடொன்று தட்டி நாங்கள் விளையாடிய மஞ்சள் மினுக்கு இல்லை இது. ஒரு கொத்து. கம்பி மத்தாப்பின் முதல் சீறல் மாதிரி வெள்ளை வெளேரென்று தெறித்து, உடனே அணையாமல், காய்ந்த அருகம்புல்லின் மேல் விழுந்து கிடந்தது. புகை எழுந்தது. நான் ஓடிப்போய்ச் செருப்பால் மிதித்துத் தேய்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் மச்சான் மட்டையை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாம்பைப் பிடித்தவர் மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பேச்சோடு பேச்சாக மகனிடம் கேட்டார்: "இது எதுலப்பா செஞ்சது?"

"டைட்டானியம்ப்பா. ஏரோப்ளேனுக்குப் போடுறது. லேசா இருக்கும், உடையாது."

"அப்படியா" என்றார். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

"வெள்ளிப் பொறி வர நாம மருந்துல கலக்குற பொடி அது மாப்ளே. அதைக் கட்டியாக்கிக் கம்புல சொருகி, கல்லுமேல அடிங்கப்பான்னு குடுத்துவிட்டிருக்கான் என் மகன்."

அவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. மருந்து கலக்கிற அறைக்குள் அவன் கடைசிவரை போகவே இல்லை.

மறுநாள் வீசினார். மட்டை கீழே இறங்கியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது அவர் இடுப்பும் தோளும் ஒன்றாக மேலே எழுந்தன. மட்டை பந்தின் தலையை மட்டும் தடவியது. பந்து தத்துக்கிளி மாதிரி நாலு குதி குதித்து நின்றது. இன்னொன்று வைத்தார். அதுவும் அப்படியே.

"எந்திரிக்கீக மச்சான்."

"தெரியுதுலே. நானா எந்திரிக்கேன்? அதுவா எந்திரிக்கி."

நான் கூடையை எடுத்துக்கொண்டு போய் அவர் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கல் பொறுக்கினேன். டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தரையை நனைத்தோம். சேறு காலில் ஒட்டியது, ஒரு பொறிக்கும் வழியில்லை. எழுந்தார். மணல் கொட்டி, அதன்மேல் வைத்து அடித்தார். எழுந்தார்.

"புத்திக்குத் தெரியுது மாப்ளே, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றார், சேற்றில் நின்றுகொண்டு. "முதுகுக்குத் தெரியல."

வாட்ச்மேன் அறையிலிருந்து பழைய பையை எடுத்துவந்தோம். அதுவும் இரும்புதான், இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பொறி விட்டிருக்கும், வெயிலில் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். பழைய மெலிந்த மட்டையை எடுத்து ஓங்கினார். கோடாலி இறங்கவில்லை. அதைத்தான் மாசி முழுக்கப் பாடுபட்டுக் கழற்றியிருந்தாரே. புது வீச்சு பாதி, பயம் பாதி, மேலே எழும்பி நின்றது. புதுசு பழசையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"மருமகன்கிட்ட சொல்லிருவோம்" என்றேன். "வேற எதுலயாவது செஞ்சது அனுப்புவான். இரும்புலயே இருக்குமில்ல."

"என்னன்னு சொல்ல?"

"இப்படிப் பொறி விட்டுச்சு, அதுலருந்து…"

"அதுலருந்து? பயமா இருக்குன்னா?" அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால அவனை என்ன சொன்னேன்னு நீயுந்தான கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த? வாயைத் தொறக்கக் கூடாது மாப்ளே. என் தங்கச்சிகிட்டயும் மூச்சு விடாத."

திறக்கவில்லை. வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடந்தேன், காலையில் நடந்தேன். பெட்டிகளுக்குப் பெயர் எழுதினேன். அந்த வாரம் எழுதிய பெயர் ஒன்றையும் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் அவன் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. மச்சான் மதுரை ஏர்போர்ட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பிடி எப்படி இருக்கு?" என்றார். உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வேறு எப்படித் தொடுவது என்று அவருக்குத் தெரியாது.

கொடைக்கானலில் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. புல், புல், கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். கரிசலில் பழகிய கண்ணுக்குக் கூசியது. நான் பையைத் தூக்கிக்கொண்டேன். மகன் பந்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். அடித்தவுடன் பந்தின் வேகம், ஏறிய கோணம், சுற்றிய சுற்று எல்லாம் அவன் போனில் வந்துவிடுமாம்.

முதல் அடி பெரிய மட்டை. பந்து உயரமான முளைமேல் இருந்தது, தரையைத் தொட வேண்டிய வேலை இல்லை. மச்சான் வீசினார். டங். ஏறியது, தொங்கியது, நேராகப் போய் விழுந்தது.

"அப்பா!" என்று கத்தினான் மகன். ஓடிவந்து அப்பாவின் முதுகில் தட்டினான். சின்னப் பையனாக இருந்தபோதுகூட அவன் அவரைத் தட்டி நான் பார்த்ததில்லை. மச்சானின் முகம் சிவந்துபோனது. நடக்கும்போது என் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். நானும் நம்பினேன். ஈர மண், கல் இல்லாத புல், மகன் பக்கத்தில். முதுகு மறந்துவிட்டது என்று நம்பினேன்.

இரண்டாவது அடி தரையிலிருந்து. மூணாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன்.  வீசினார். எழுந்தார். பந்து நாலு குதி குதித்தது.

"பரவால்லப்பா, இன்னொண்ணு."

எழுந்தார்.

"கீழயே இருங்கப்பா." மகன் அப்பாவின் பின்னால் வந்து, இரண்டு தோளையும் மெதுவாக அழுத்திப் பிடித்தான். "அடிக்கும்போது எந்திரிச்சிடுறீங்க. தரையைத் தொடுங்க. புல்லைப் பேத்துக்கிட்டுப் போகட்டும், ஒண்ணும் ஆகாது."

"சரிப்பா."

எழுந்தார். அழுத்தியிருந்த மகனின் கைகளும் அவரோடு சேர்ந்து மேலே வந்தன.

அடுத்த குழி, அதற்கடுத்த குழி. எழும்பல் இப்போது பெரிய மட்டைக்கும் தொற்றிக்கொண்டது. முளைமேல் இருந்த பந்தும் தலையில் தட்டு வாங்கி உருண்டது. மகன் போனைப் பார்த்தான், பெட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்தான், தண்டு நீளமோ என்றான், பிடியைக் கீழே இறக்கிப் பிடிக்கச் சொன்னான். கோணம் என்றான், வேகம் என்றான். அவ்வளவு அன்பாகச் சொன்னான். மச்சான் ஒவ்வொன்றுக்கும், "அப்படியா? சரிப்பா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டி, ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது. மச்சான் இடையிடையே என்னைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை வாயைக் கட்டியது.

கடைசியில் மகன் அவர் கையிலிருந்து மட்டையை வாங்கி, புல்லில் சாய்த்து வைத்தான்.

"அப்பா, முதுகு வலிக்குதா?"

மச்சான் பந்தைக் காலால் உருட்டினார்.

"இல்ல… வயசு காரணமா இருக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க. இடுப்பு இறங்கி நிக்கறதுக்கு இடம் குடுக்கல போல."

தலைக்குச் சாயம் அடிக்காமல் தெருவில் இறங்காத மனிதர் அவர். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள் என்பதற்காக அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தவர். மகனை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்குவதை நான் பார்த்தேன்.

"ஆமாப்பா" என்றார். "வயசாயிருச்சு."

"அதுக்கு என்னப்பா? அதுக்குன்னே ஸ்டிக் இருக்கு." மகனின் குரலில் உயிர் வந்தது. கண்டுபிடித்துவிட்டான் அல்லவா. போனைத் திறந்து அப்பாவின் தோளோடு தோள் ஒட்டி நின்று காட்டினான். "இங்க பாருங்க. தண்டு இன்னும் லேசு, நல்லா வளையும். தலையும் பெருசு. மெதுவா வீசினாலே பந்து ஏறிடும்."

மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுவும் அதே டைட்டானியந்தானா?"

"ஆமாப்பா, எல்லாமே இப்ப அதுதான். ஏன்?"

"சும்மா கேட்டேன். நல்லா இருக்கு."

"போனதும் பார்சல்ல அனுப்பிடறேன்."

"பார்சல்ல எதுக்கு?" என்றார் மச்சான் அவசரமாக. "வழியில உடைஞ்சு கிடைஞ்சு போகும். நீயே கொண்டு வா."

"அப்ப அடுத்த மே ஆயிடுமே."

"மே எதுக்குலே? பொங்கலுக்கு வா. வெயிலும் இருக்காது. ரெண்டு பேரும் இங்கனயே வந்து ஆடுவோம்."

மகன் கொஞ்சம் யோசித்தான். "லீவு கேட்டுப் பாக்கறேன்ப்பா. கிடைக்கும்னு நினைக்கிறேன்."

"கேளு கேளு. இப்பவே கேட்டு வை."

அவன் தன் பந்தை அடிக்க முன்னால் நடந்தான். மச்சான் அவன் பின்னாலேயே போனார், பொங்கல், பொங்கல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, நடையில் ஒரு துள்ளலோடு. நான் சாய்த்து வைத்திருந்த மட்டையை எடுத்துத் துணியால் துடைத்தேன். அடிப்பாகத்தில் வெங்கச்சங்கல் கீறிய கோடு இன்னும் இருந்தது. மகன் அதைத் தரையில் பட்ட சாதாரணக் கீறல் என்று நினைத்திருப்பான். பைக்குள் சொருகினேன். பொங்கலுக்குள் அந்த எழும்பலுக்கு என்ன செய்யலாம் என்று நடந்துகொண்டே யோசித்தேன். அந்தப் பச்சை முழுவதையும் நடந்து முடித்தும் ஒன்றும் தோன்றவில்லை.